யார் கையால் அந்த மாத்திரை?

பெங்களூரில் அம்மாவையோ அப்பாவையோ முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகும்போது நாம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். தனி அறையா, இருவர் அறையா. குளியலறையில் பிடிமானக் கம்பி உண்டா. லிஃப்ட்டுக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா. சமையலில் வெங்காயம், பூண்டு சேர்ப்பார்களா, சாம்பாரில் வெல்லம் போடாமல் தனியாக எடுத்து வைப்பார்களா. பக்கத்தில் கோயில் இருக்கிறதா. ஹென்னூரிலும் கெங்கேரியிலும் பன்னர்கட்டா சாலையிலும் இல்லம் நடத்துகிறவர்களுக்கு இவை மனப்பாடம். நாம் வாய் திறப்பதற்குள் பதில் வந்துவிடும். டெபாசிட் திரும்பக் கிடைக்குமா என்று இரண்டு முறை கேட்போம். அதன்பின் மாத்திரைப் பையை மேசைமேல் வைப்போம். துணிக்கடைப் பை ஒன்றில் மூன்று ஊர் மருந்துக்கடைகளின் பட்டைகள், பாதி வெட்டிய அட்டைகள், மடிப்பில் கிழிந்த சீட்டுகள். "எல்லாம் இதுல இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவோம். இனி இதை யார் எடுத்துக் கொடுப்பார், அவர் என்ன படித்தவர், இரவு எட்டு மணிக்கு அவர் ஒருவராக எத்தனை பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்கள் நம்மில் மிகக் குறைவு.

முதியோர் இல்லங்களைக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. அங்கே நடக்கும் மருந்துப் பிழைகள் பலவற்றின் வேர் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கும்பகோணத்தில் பல வருடமாக அம்மாவைப் பார்த்துவந்த டாக்டர் ரத்த அழுத்தத்துக்கு டெல்மா எழுதியிருப்பார். பெங்களூர் வந்தபின் ஒருநாள் படபடப்பு என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தால், இரண்டு நாளில் அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் டெல்மிகைண்ட் என்று இருக்கும். இரண்டும் டெல்மிசார்டன்தான். பட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது. ஆனால் இன்ஷூரன்ஸ் ஒப்புதலுக்காக மாலைவரை காத்துக் கிடந்து, சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து வந்து சேரும் நாம் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. பழைய மருந்தில் எதை நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்ததுமில்லை. புதியது பழையதோடு பையில் சேர்ந்துவிடும். இல்லத்தில் இருப்பவர் சீட்டில் இருப்பதையும் கொடுப்பார், பையில் இருப்பதையும் கொடுப்பார். சில நாளில் அம்மா காலையில் எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக் கீழே விழுவார். "வயசாயிடுச்சு, விழுந்துட்டாங்க" என்று அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்வோம்.

இன்னொன்று இதைவிட மெதுவாக நடக்கும். பிபிக்காகக் கொடுத்த அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். வீக்கத்துக்கு லாசிக்ஸ் வரும். லாசிக்ஸ் போட்டதால் இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டும், தூக்கம் கெடும். தூக்கத்துக்கு அல்பிரசோலம் வரும். பாதித் தூக்கத்தில், இருட்டில், கழிவறைக்குப் போகும் வழியில் இடுப்பெலும்பு உடையும். மூன்று மருந்தில் இரண்டு, முந்தைய மருந்தின் பக்கவிளைவுக்கு வைத்தியம் பார்க்க வந்தவை. பவுலா ராச்சன், ஜெரி கர்விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1997இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தச் சங்கிலியை விளக்கி எழுதினார்கள். நம் குடும்பங்களில் இதற்கு நெருக்கமான உதாரணம் ஸ்டெமெடில். தலைசுற்றல் என்று எப்போதோ ஒரு வாரத்துக்கு எழுதியதை மாதக்கணக்கில் தொடர்ந்தால் கை நடுங்கும், நடை சுருங்கும், முகத்தில் அசைவு குறையும். பார்க்கின்சன் என்று நினைத்து சிண்டோபா ஆரம்பிப்பார்கள். ஸ்டெமெடிலை நிறுத்து என்று சொல்ல ஆளிருக்காது. தீர்ந்துபோகும்போதெல்லாம் பழைய சீட்டைப் படமெடுத்து ஆப்பில் ஆர்டர் போட்டு, இல்லத்து முகவரிக்கு அனுப்பிவைத்தது நாம். அல்பிரசோலம் 2013இல் வந்த எச்1 அட்டவணையில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். தெரிந்த கடை என்பதால் அதையும் நாம் சுலபமாக வாங்கிவிடுகிறோம்.

இங்கிலாந்தில் 55 பராமரிப்பு இல்லங்களில் 256 பேரின் மருந்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. சராசரியாக ஒருவருக்கு எட்டு மருந்துகள். பத்துப் பேரில் ஏழு பேருக்கு, எழுதியதிலோ, கடையில் எடுத்துக் கொடுத்ததிலோ, இல்லத்தில் புகட்டியதிலோ, பிறகு கண்காணித்ததிலோ குறைந்தது ஒரு பிழை இருந்தது. ஆய்வாளர், உரிமம், தணிக்கை எல்லாம் உள்ள நாட்டில் இந்த நிலை. அவர்கள் கண்ட காரணங்களில் ஒன்று மனதைக் குத்துகிறது: மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் யாராவது கூப்பிடுவது. கலிபோர்னியாவில் இரவுச் சாப்பாடு முடிகிற எட்டு மணி இங்கே காலை எட்டரை. பெங்களூர் இல்லங்களில் தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களோடு மாத்திரை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம் அதுதான். வீடியோ கால் அடிப்போம். எடுக்கவில்லை என்றால் மறுபடி அடிப்போம். தட்டைக் கீழே வைத்துவிட்டு, போனைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் முகம் தெரியும்படி கோணம் பார்த்து நிற்கும் அந்தப் பெண் திரும்பி வந்து எந்தக் கிண்ணத்தில் விட்டோம் என்று யோசிப்பது நமக்குத் தெரியாது.

அவளுக்கு இன்னும் சங்கடங்கள் உண்டு. நர்சிங் பள்ளியில் முதலில் சொல்லித்தருவது ஐந்து சரி: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி. ஆள் யார் என்பதிலேயே இடறும். ஒரே வராந்தாவில் லட்சுமி, லட்சுமம்மா, விஜயலட்சுமி என்று மூன்று பேர் இருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவளுக்கு எல்லோரும் அஜ்ஜிதான். "மாத்ரெ தகொள்ளி, அஜ்ஜி" என்று நீட்டினால், மறதி நோய் உள்ள தாய் எந்தப் பெயருக்கும் தலையாட்டி வாயைத் திறப்பார். அறைக் கதவில் ஒட்டவோ மருந்துச் சீட்டில் ஒட்டவோ ஒரு புகைப்படம் கொடுங்கள் என்று கேட்கும் இல்லங்கள் உண்டு. பாஸ்போர்ட் அளவுப் படம் தேடி எடுத்துக் கொடுக்கக்கூட நாம் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறோம்.

மொழி அடுத்தது. பார்த்துக்கொள்ளும் பெண் ஜார்க்கண்டிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வட கர்நாடகத்திலிருந்தோ வந்தவள். மருந்து அட்டை ஆங்கிலத்தில். 1-0-1, பி.டி., எச்.எஸ்., எஸ்.ஓ.எஸ். என்று டாக்டரின் கையெழுத்து. அம்மா பேசுவது தஞ்சாவூர்த் தமிழ். காலை ஏழரைக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்தாயிற்று, அன்று சமையல்காரர் வரத் தாமதம், இட்லி ஒன்பதரைக்குத்தான் வருகிறது. "படபடன்னு வருது, கண்ணு மங்குது" என்று அம்மா சொல்வது சர்க்கரை இறங்குவதன் அடையாளம். அரை தம்ளர் சர்க்கரைத் தண்ணீர் போதும். பக்கத்தில் இருப்பவளுக்கு அது ஒரு முணுமுணுப்பாகத்தான் கேட்கிறது. அம்மாவுக்கு வரக்கூடிய பத்துப் பன்னிரண்டு தொல்லைகளை அவர் எந்தச் சொல்லில் சொல்வார் என்று கன்னடத்திலும் இந்தியிலும் அர்த்தத்தோடு ஒரு தாளில் எழுதித் தர ஒரு மணி நேரம் ஆகாது. பல மொழி பேசும் அலுவலகங்களில் நாள் முழுக்கப் பேச்சால் பிழைக்கிறவர்கள் நாம். அந்தத் தாளை எழுதவில்லை.

இன்சுலின் விஷயத்தில் நம் அலட்சியம் உயிருக்கே ஆபத்து. இந்தியாவில் இரண்டு செறிவுகள் புழக்கத்தில் உள்ளன: ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40க்கான சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். எந்தச் சிரிஞ்சு மலிவோ எது கையிருப்போ அதை வாங்கி அனுப்பிவிடுகிறோம். மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் இப்படித்தான். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை. தினமும் போட்டால் வாய் முழுக்கப் புண் வந்து, ரத்த அணுக்கள் சரிந்து, ஆள் இறந்துவிடலாம், உலகெங்கும் இறந்திருக்கிறார்கள். அந்தப் பட்டைமேல் "புதன்கிழமை மட்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டித் தருவது யார் வேலை? மாத்திரைகளை ஒன்றாகப் பொடித்து வாழைப்பழத்தில் வைத்து ஊட்டும் வழக்கமும் பெரும்பாலும் நம் வீட்டில் தொடங்கியதுதான். மெல்ல மெல்லக் கரைய வேண்டிய எஸ்.ஆர். மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்கப் பரவ வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கும். விழுங்க முடியவில்லை என்றால் திரவ மருந்து இருக்கிறதா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். "எங்க வீட்ல இப்படித்தான் கொடுப்போம்" என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறோம்.

இவையெல்லாம் கவனக் குறைவு. இதைவிடக் கனமான ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மறதி நோய் உள்ள பலருக்குச் சாயங்காலம் மனம் அலைபாயும். "வீட்டுக்குப் போகணும், பசங்க பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்துடுவாங்க" என்று அம்மா வாசலை நோக்கி நடப்பார். கதவைத் தட்டுவார். பக்கத்து அறைக்காரர்கள் தூங்க முடியவில்லை என்று இல்லத்திலிருந்து நமக்குப் போன் வரும். நாம் மீட்டிங்கில் இருப்போம். தெரிந்த டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதுவோம். அம்மாவை நேரில் பார்க்காத அவர் குவெட்டியாபின் 25, எஸ்.ஓ.எஸ். என்று பதில் போடுவார். எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்படும்போது. யாருக்குத் தேவைப்படும்போது? அதைத் தீர்மானிப்பது இரவு பதினொரு மணிக்கு இருபது பேரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண். ஒரு வாரத்தில் அது தினசரி மாத்திரையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பழத்தோடு போய் நின்றால் அம்மா தூங்கிக்கொண்டிருப்பார். "இப்பல்லாம் தொந்தரவே இல்ல சார், நல்லா ரெஸ்ட் எடுக்கறாங்க." நமக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதிக்காகத்தான் அந்த மாத்திரை, அம்மாவுக்காக இல்லை.

மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு குவெட்டியாபின் போன்ற மனநோய் மருந்துகள் கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005இல் எச்சரித்து, மருந்தின் விவரக் குறிப்பிலேயே கறுப்புக் கட்டத்துக்குள் அதை அச்சிட வைத்தது. பிரிட்டனில் சுபே பானர்ஜி 2009இல் அரசுக்கு அளித்த அறிக்கை, மறதி நோயுள்ள சுமார் 1,80,000 பேருக்கு இவை கொடுக்கப்படுவதாகவும், அதனால் ஆண்டுக்கு 1,800 பேர் கூடுதலாக இறப்பதாகவும் கணக்கிட்டது. வசதிக்காக மருந்தால் ஒருவரைக் கட்டிப்போடக் கூடாது என்று அமெரிக்காவில் 1987லேயே சட்டம் வந்துவிட்டது. அங்கே பராமரிப்பு இல்லவாசி ஒவ்வொருவரின் மருந்துப் பட்டியலையும் மாதம் ஒருமுறை மருந்தாளுநர் ஒருவர் சரிபார்த்தாக வேண்டும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக மதிப்பீடு. சிலருக்கு இந்த மருந்து உண்மையிலேயே தேவைப்படும். அப்போது குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, எப்போது நிறுத்துவது என்று நாள் குறித்துக்கொண்டு கொடுப்பார்கள். அதற்குமுன் பார்க்க வேண்டியவை பல உண்டு. மூன்று நாளாக மலம் கழியாமல் இருக்கலாம். சிறுநீரில் தொற்று இருக்கலாம். பல் வலி இருக்கலாம். காது மெஷினில் பேட்டரி தீர்ந்திருக்கலாம். நிம்ஹான்ஸ் இந்த ஊரில்தான் இருக்கிறது, அங்கே முதியோருக்கென்று பிரிவு இருக்கிறது. கஸ்தூரி நகரில் நைட்டிங்கேல்ஸ் நடத்தும் மறதி நோய் மையம் இருக்கிறது. ஊரில் அறிவுக்குப் பஞ்சமில்லை. அரை நாள் விடுப்பு எடுக்க நமக்கு மனமில்லை.

அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் வைத்த வள்ளுவர் சிலை பதினெட்டு வருடம் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறக்கப்பட்டது. அந்தத் திறப்புக்காக இந்த ஊர்த் தமிழர்கள் எவ்வளவு ஏங்கினார்கள், எவ்வளவு மனு எழுதினார்கள் என்பது தெரிந்ததே. குறளில் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் கடைசிக் குறளில் வைத்தியத்தை நான்கு பங்காக வகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து அதைக் கொடுப்பவர். நான்காமவரை மற்ற மூவருக்குச் சமமாக நிறுத்தியதை நாம் மேடையில் சொல்லியிருக்கிறோம், பிள்ளைகளை ஒப்பிக்கவும் வைத்திருக்கிறோம். நம் பெற்றோர் விஷயத்தில் முதல் மூன்றுக்கும் செலவழித்தோம். நல்ல டாக்டர், நல்ல கம்பெனி மாத்திரை, மெடிக்கல் இன்ஷூரன்ஸ். நான்காமவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது, "சிஸ்டர்" என்று கூப்பிடுகிறோம். அவர் மூன்று வருட ஜி.என்.எம். படித்தவரா, ஏ.என்.எம். முடித்தவரா, ஏஜென்சி போன வாரம் பஸ் ஏற்றி அனுப்பிய பதினெட்டு வயதுப் பெண்ணா என்று விசாரித்ததில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், வராந்தாவில் பாய். அவரை நம்பித்தான் அம்மாவின் இதயத் துடிப்பு மாத்திரை இருக்கிறது.

அந்தப் பெண் ஒருநாள் தானாக வந்து, "காலைல மாத்திரை கொடுக்க மறந்துட்டேன் சார்" என்று சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? கத்துகிறோம். மேனேஜரைக் கூப்பிட்டு ஆளை மாற்றச் சொல்கிறோம். குடும்ப குரூப்பில் அவளைப் பற்றி எழுதுகிறோம். அடுத்த முறை மறந்தால் அவள் சொல்லமாட்டாள். கட்டத்தில் டிக் போட்டுவிடுவாள். தவறிய மாத்திரையைவிட ஆபத்தானது கொடுத்ததாகப் பதிவான மாத்திரை. அதை நம்பி டாக்டர் அளவைக் கூட்டுவார். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொன்றைச் சேர்ப்பார். உண்மை சொன்னவளைத் துரத்தி, பொய்யான சார்ட்டை நாமே வரவழைத்தோம்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் கர்நாடகத்தில் 2007ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டம் இருக்கிறது. சிகிச்சை தருவதில்லை, பராமரிப்பு மட்டும்தான் என்று சொல்லும் இல்லம் அதன் பிடிக்குள் எளிதில் வருவதில்லை. அதே 2007இல் வந்த மத்தியச் சட்டம் பெற்றோர் பராமரிப்பைப் பிள்ளைகளின் கடமை ஆக்கியது. மாத்திரை யார் கொடுப்பது என்பது அதன் கவலை இல்லை. முதியோர் இல்லங்களைப் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வகுக்க வேண்டும் என்று சொன்ன திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. அப்போது சமூகநீதி அமைச்சராக இருந்த தாவர்சந்த் கெலாட் 2021இல் கர்நாடகத்துக்கே ஆளுநராக வந்தார். மசோதா நிறைவேறவில்லை, 2024இல் அவை கலைந்தபோது காலாவதியானது. அந்த நாலரை வருடத்தில் பெங்களூரின் மக்களவை உறுப்பினர்களுக்கு நம்மில் எத்தனை பேர் ஒரு கடிதம் எழுதினோம்? சாலைப் பள்ளத்துக்கும் குடிநீர் லாரிக்கும் அபார்ட்மெண்ட் சங்கத்தின் பெயரில் வாரம் ஒரு மனு அனுப்பத் தெரிந்தவர்கள் நாம். மாநகரப் போலீசும் நைட்டிங்கேல்ஸும் சேர்ந்து 2002 முதல் நடத்தும் 1090 முதியோர் உதவி எண்ணையும் மற்றவர்களின் பிள்ளைகளுக்கானது என்று நினைத்துக்கொண்டோம்.

செய்ய வேண்டியவை பெரிய வித்தைகள் இல்லை. ஒரே பக்கத்தில் ஒரே பட்டியல். கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயர், எதற்காக, யார் எழுதியது, எப்போது நிறுத்துவது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது. மாத்திரை தொண்டைக்குள் இறங்கியபின் கையெழுத்து, முன்னால் இல்லை. இன்சுலினை ஒருவர் இழுக்க, இன்னொருவர் பார்ப்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது எல்லா மருந்தையும் ஒரே டாக்டர் முன் பரப்பி, இதில் எதை விடலாம் என்று கேட்பது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய இரவிலும் படித்த நர்ஸ் ஒருவர் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும்.

சில இல்லங்கள் அதற்கு முயன்றதுண்டு. இரவுப் பணிக்கு இன்னொரு நர்ஸ் வைக்கிறோம், அதற்காக மாதக் கட்டணம் இவ்வளவு கூடுகிறது என்று குடும்பங்களுக்குக் கடிதம் அனுப்பினார்கள். குடும்ப குரூப்பில் அது வந்ததும் முதல் பதில், "ராத்திரி எல்லாரும் தூங்கத்தானே போறாங்க?" இரண்டாவது பதில், சர்ஜாப்பூர் பக்கம் இதைவிடக் குறைவான கட்டணத்தில், தோட்டத்தோடு இருக்கும் இல்லத்தின் விளம்பரம். அந்த மாதக் கடைசியில் நாம் அம்மாவை மாற்றினோம். நர்ஸ் வேண்டும் என்று நம்மிடம் எழுத்தில் கேட்டார்கள். தர மறுத்தவர்கள் நாம்.